பக்கத்தில் நின்ற நல்லவர்கள்

மேடலின் அஷரின் கன்னத்தில் லேசான சிவப்பு இருக்கிறது. உதட்டில் ஒரு புன்னகை. சவப்பெட்டியை முழுதாக மூடும் முன் அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் இரண்டு ஆண்களின் கண்ணிலும் இது படுகிறது. ஒருவன் அவளோடு இரட்டையாகப் பிறந்த ரோடெரிக். இன்னொருவன் கதையைச் சொல்லும் பால்ய நண்பன். உடல் விறைத்து உயிர் போனதுபோலக் கிடக்கும் நோய் அவளுக்கு இருந்தது இருவருக்கும் தெரியும். அந்த நோயில் இறந்தவர்களுக்கு இப்படி இருப்பது வழக்கம்தான் என்று நண்பன் தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொள்கிறான். பிறகு இருவரும் மூடியை வைத்துத் திருகாணிகளை முடுக்குகிறார்கள். கனத்த இரும்புக் கதவைச் சாத்திவிட்டு மேலே வருகிறார்கள். அந்த நிலவறை, நண்பன் படுத்துறங்கும் அறைக்கு நேர் கீழே இருக்கிறது.

எட்கர் ஆலன் போவின் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' 1839 செப்டம்பரில், பிலடெல்ஃபியாவின் 'பர்ட்டன்ஸ் ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வந்தது. ஆங்கில இலக்கிய மாணவியாக நான் அதைப் படித்தபோது, பாடக் குறிப்புகள் எவற்றையெல்லாம் அச்சத்தின் ஊற்று என்று சொல்லினவோ அவை என்னை அச்சுறுத்தவில்லை. சுவரில் ஓடும் விரிசல், கரிய குளம், புயல், ரத்தம் படிந்த வெள்ளுடையில் வாசலில் வந்து நிற்கும் மேடலின், எல்லாம் அழகாகவே இருந்தன. என் தூக்கத்தைக் கெடுத்தவை அந்தத் திருகாணிகள். ஒரு வாரத்துக்குப் பிறகு ரோடெரிக் உண்மையைக் கொட்டிவிடுகிறான்: பெட்டிக்குள் அவள் அசைவது பல நாட்களாகவே அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது, சொல்லத் துணியவில்லை. அவன் மனம் சிதைந்தவன், அவனை விட்டுவிடலாம். நண்பன் யார்? நோயாளிக்குத் துணையாக இருக்க நெடுந்தூரம் குதிரையில் வந்தவன், படித்தவன், நிதானமானவன். கன்னத்துச் சிவப்பைக் கண்டவனும் அவன். வீடு இடிந்து குளத்தில் அமிழும்போது ஓடித் தப்புகிறவனும் அவன்தான், நமக்குக் கதை சொல்கிறவனும் அவன்தான். தன் கையால் மூடிய அந்தப் பெட்டியைப் பற்றி அவன் எங்கும் வருந்துவதில்லை.

அதன்பின் படித்த கோதிக் சிறுகதைகளில் பேயைவிட அதன் பக்கத்தில் நிற்பவரையே என் கண் தேடியது. தேடிய கதைகளில் எல்லாம் அப்படி ஒருவர் இருந்தார். அநேகமாக நல்லவர். மருத்துவர், நீதிபதி, கணவர், நண்பர், ஊர்ப் பெரியவர். பார்க்க வேண்டியதைப் பார்த்தவர். ஆனால் மரியாதை கருதியோ அன்பின் பெயராலோ அறிவின் பெயராலோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர். இந்தக் கதைகளின் அச்சம் பெருமளவு அவரிடமிருந்துதான் எழுகிறது என்பது என் வாதம்.

இதற்குச் சிறுகதை வடிவத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஹொரஸ் வால்போல் 1764 இறுதியில் 'ஒட்ராண்டோ கோட்டை'யை வெளியிட்டார். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குக் 'கோதிக் கதை' என்ற துணைத் தலைப்பு சேர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த நாவல்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டையின் ஒவ்வொரு படிக்கட்டையும் சுரங்க வழியையும் நின்று காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கதைகள் பத்திரிகைகளுக்குள் புகுந்தபோது அந்த வசதி போயிற்று. 1842இல் அமெரிக்க எழுத்தாளர் நதானியல் ஹாதார்னின் கதைத் தொகுப்பை மதிப்பிட்டு எழுதிய போ, ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதையே வாசகர் மனதில் ஒருமித்த விளைவை உண்டாக்கும் என்று வாதிட்டார். அந்த அளவுக்குள் கோட்டை முழுவதும் அடங்காது. ஒரு அறை, ஒரு இரவு, அதைக் கண்ட ஒருவர், இவ்வளவுதான் அடங்கும். கண்டவரின் குரலே கதையாகிறது. அப்படியானால் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியும் கதைக்குள் வந்தே தீரும்.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாக உணர்ந்தவர் எலிசபெத் கேஸ்கெல் என்று நினைக்கிறேன். அவருடைய 'முதிய தாதியின் கதை', சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழின் 1852 கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. நார்தம்பர்லாந்தின் பழைய மாளிகை ஒன்றில், எண்பது வயதை நெருங்கும் கிரேஸ் ஃபர்னிவல் காது மந்தமாகி வாழ்கிறாள். இளமையில் அவளும் அக்கா மாடும் ஒரே இசைக் கலைஞனை விரும்பினார்கள். அவன் அக்காவை ரகசியமாக மணந்து ஒரு குழந்தையும் பிறந்திருந்ததைக் கிரேஸ்தான் தந்தையிடம் காட்டிக்கொடுத்தாள். தந்தை குழந்தையை ஊன்றுகோலால் அடித்து, இருவரையும் பனி கொட்டும் இரவில் வெளியே துரத்தினார். குழந்தை இறந்தது, அக்காவுக்குப் புத்தி பேதலித்தது. கிரேஸ் அன்று கல்லாக நின்றாள்.

கதையின் உச்சத்தில் அந்த இரவு மாளிகைக்குள் மீண்டும் நிகழ்கிறது. தந்தையின் உருவம், அக்காவின் உருவம், குழந்தையின் உருவம். கிழவி கிரேஸ் குழந்தையை விட்டுவிடும்படி தந்தையிடம் அலறுகிறாள். அப்போது இன்னோர் உருவமும் தெரிகிறது: வெறுப்பும் வெற்றிக் களிப்புமாக வேடிக்கை பார்த்து நிற்கும் இளம்பெண். கிழவியின் சொந்த இளமை அது. டிக்கன்ஸுக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. ஆவிகள் அந்த வீட்டில் வளரும் சிறுமியின் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும் என்று அவர் யோசனை சொன்னார். கேஸ்கெல் இணங்கவில்லை, கதை அவர் எழுதியபடியே அச்சாயிற்று. தொழில்நுட்ப அளவில் டிக்கன்ஸின் யோசனை மோசமானதல்ல, சந்தேகம் கொஞ்சம் மிச்சமிருந்தால் அச்சம் கூடும் என்பது அனுபவமுள்ள பத்திரிகையாசிரியரின் கணக்கு. ஆனால் அப்படி மாற்றியிருந்தால் கிரேஸ் தப்பித்திருப்பாள். இறந்தவர்களின் ஆவிகள் உலவும் கதைகள் ஏராளம். உயிரோடிருக்கும் ஒருத்தியின் ஆவி, அவள் சும்மா நின்ற கணத்தின் ஆவி, அவளெதிரே வந்து நிற்பது அபூர்வம். அதை வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் பார்த்தாக வேண்டும். கேஸ்கெலின் பிடிவாதத்துக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902) நம் பள்ளி மாணவர் பலருக்கும் தெரிந்த கதை. இந்தியாவிலிருந்து திரும்பிய ராணுவக்காரர் ஒருவர் பக்கிரியின் மந்திரம் ஏறிய, வரம் தரும் பாதத்தைக் கொண்டுவருகிறார். ஒயிட் குடும்பம் வீட்டுக் கடனை அடைக்க அதனிடம் 200 பவுன் கேட்கிறது. மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான், நிறுவனம் 200 பவுன் தருகிறது. இந்தத் தொகை என்னை உறுத்தியதால் அக்காலச் சட்டத்தைப் பார்த்தேன். பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், சில தொழில்களில் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவரது மூன்றாண்டு ஊதியம் அல்லது 150 பவுன், இவற்றில் எது அதிகமோ அதை, 300 பவுனுக்கு மிகாமல் கொடுக்கச் சொன்னது. கதை வெளிவந்தபோது அந்தச் சட்டத்துக்கு ஐந்து வயது. ஆக 200 பவுன் மந்திரத்தில் உதித்த எண் அல்ல, ஆலைத் தொழிலாளி ஒருவனின் உயிருக்கு அந்நாளில் நடைமுறையில் இருந்த விலைதான். நிறுவனத்தின் ஆள் நல்ல உடை அணிந்து வாசலில் வந்து தயங்குகிறார், உள்ளே வர மனமில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கிறார். வந்தபின், நிறுவனத்துக்குப் பொறுப்பு ஏதும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத் தொகையைக் குறிப்பிடுகிறார். தான் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஊழியன் மட்டுமே என்கிறார். அவருடைய தயக்கம் உண்மையானது. கதையின் முடிவில், இறந்த மகன் திரும்பி வந்ததுபோலக் கதவுக்கு வெளியே கேட்கும் தட்டும் ஒலியைவிட அவர் தயக்கமே என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892இல் வெளிவந்தது. இதில் பக்கத்தில் நிற்பவர் கணவர் ஜான், மருத்துவர். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருக்கும் மனைவியைக் கோடைக்காலத்துக்கு ஒரு பெரிய வீட்டுக்கு அழைத்துவருகிறார். மாடி அறையில் தங்கவைக்கிறார். ஜன்னலில் கம்பிகள், சுவரில் இரும்பு வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில். அவள் எழுதக் கூடாது. ஜானின் காலடி கேட்டதும் மறைத்துவைக்கும் குறிப்புகளே நாம் படிக்கும் கதை. நாளாக ஆக, சுவர்த்தாளின் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து ஊர்வதை அவள் காண்கிறாள். கடைசியில் தாளை உரித்தெடுத்துத் தானே ஊர்கிறாள்.

கில்மன் இதைக் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. 1885இல் மகள் பிறந்த பிறகு கடும் மனச்சோர்வுக்கு ஆளான அவர், 1887இல் பிலடெல்ஃபியாவில் சைலஸ் வேர் மிட்செலிடம் சிகிச்சைக்குப் போனார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களை ஆராய்ந்து, இல்லாத உறுப்பில் தோன்றும் வலியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் அவர். பெண்களுக்கு அவர் விதித்தது ஓய்வுச் சிகிச்சை: படுக்கை, கொழுத்த உணவு, தனிமை. வீட்டுக்கு அனுப்பும்போது, அறிவுக்கு வேலை தருவதை நாளுக்கு இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படியும், வாழ்நாள் முழுதும் பேனாவையோ தூரிகையையோ தொட வேண்டாம் என்றும் சொன்னார். 1913இல் தன் சொந்த இதழான 'த ஃபோர்ரன்னர்' பத்திரிகையில் இதையெல்லாம் கில்மன் எழுதினார். அந்த அறிவுரையைச் சில மாதம் பின்பற்றியதில் மனம் முற்றாகச் சிதையும் எல்லைவரை போய்விட்டதாக அதில் சொல்கிறார்.

இல்லாத கையில் வலிக்கிறது என்று சொன்ன போர்வீரனை மிட்செல் நம்பினார். தன் மனதின் நிலையைச் சொன்ன பெண்ணை அவர் நம்பவில்லை. இந்த முரணை எண்ண எண்ண எனக்கு ஆறவில்லை. கதையில் வரும் ஜானும் கொடியவர் அல்ல. மனைவியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார், அருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார், செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார். அவள் சொல்வதைக் கேட்பதைத் தவிர எல்லாவற்றையும் செய்கிறார். 1973இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் இந்தக் கதையைத் தனி நூலாக மறுபதிப்புச் செய்த பிறகே அது பரவலாகக் கல்லூரிகளுக்குள் வந்தது. எங்கள் வகுப்பில் இதை விவாதித்தபோது, "ஜான் பாவம்தானே, அவருக்குத் தெரிந்த மருத்துவத்தைத்தான் செய்தார்" என்றாள் ஒரு தோழி. அவள் சொன்னது சரி. ஜான் ஒரு கொடூரனாக இருந்திருந்தால் இந்தக் கதையை வாசித்து முடித்ததும் மூடி வைத்துவிடலாம்.

நதானியல் ஹாதார்னிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் பகுதியில் நடந்த சூனியக்காரர் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் உடல்மீது பாறை ஏற்றிக் கொல்லப்பட்டார். அவற்றை விசாரித்தவர்களில் ஒருவரான ஜான் ஹாதார்ன், எழுத்தாளரின் முன்னோர். இன்னொரு நீதிபதியான சாமுவேல் சீவல் 1697இல் தேவாலயத்தில் எழுந்து நின்று தன் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். நீதிபதி ஹாதார்னோ அப்படி எதுவும் செய்யவில்லை. அந்தப் பாரத்தைப் பேரன் வழிவந்த எழுத்தாளர் சுமந்தார் என்பது பாடநூல்கள் எல்லாம் சொல்லும் செய்தி. 1835இல் வந்த 'யங் குட்மேன் பிரவுன்' கதையில், இளைஞன் பிரவுன் இரவில் காட்டுக்குள் சாத்தானின் கூட்டத்தைக் காண்கிறான். ஊரின் போதகரும் பக்திமிக்க மூதாட்டியும் அங்கே இருக்கிறார்கள். பிரவுனின் தாத்தா குவேக்கர் பெண்ணைத் தெருவில் சாட்டையால் அடித்தபோதும், தந்தை பழங்குடியினரின் ஊருக்குத் தீ வைத்தபோதும் கூட இருந்தவன் தானே என்கிறான் சாத்தான். மரியாதைக்குரியவர்களின் வரலாற்றை இதைவிடக் கூர்மையாகத் திறக்க முடியாது.

ஆனால் அந்தக் காட்டில் சூனியக்காரிகளாக வருபவர்களின் பெயர்களைப் பாருங்கள். 'குடி' (திருமதி) க்ளாய்ஸ், 'குடி' கோரி, மார்த்தா கேரியர். மூன்றும் 1692இல் குற்றம் சாட்டப்பட்ட உண்மையான பெண்களின் பெயர்கள். மார்த்தா கேரியர் அந்த ஆகஸ்ட் 19இலும் மார்த்தா கோரி செப்டம்பர் 22இலும் தூக்கில் தொங்கினார்கள். 1711இல் மாசசூசெட்ஸ் அரசு தண்டிக்கப்பட்டவர்களில் பலரின் பழியை நீக்கிக் குடும்பங்களுக்கு இழப்பீடும் கொடுத்தது. நூறாண்டுக்கு மேல் கழித்து, நீதிபதியின் வழித்தோன்றல் அவர்களை மீண்டும் சாத்தானின் சபையில் நிறுத்துகிறார். எல்லாம் பிரவுனின் கனவாக இருக்கலாம் என்ற திரை இருப்பது உண்மை. பெயர்களைப் பயன்படுத்தியது பிரவுனின் மனநோயைக் காட்டத்தான் என்று வாதாடவும் இடமுண்டு. எனக்கு அது போதவில்லை. கனவிலாவது ஒருமுறை அந்த நீதிபதியின் பெயர் காட்டுக்குள் ஒலித்திருக்க வேண்டும்.

வில்லியம் ஃபாக்னரின் 'எமிலிக்கு ஒரு ரோஜா' (1930) கதையில் பக்கத்தில் நிற்பவர் ஒருவர் அல்லர், ஊர் முழுவதும். கதையைச் சொல்வதே 'நாங்கள்'. மிசிசிப்பியில் ஃபாக்னர் படைத்த ஜெஃபர்சன் என்னும் ஊரில், பழைய பிரபுக் குடும்பத்தின் கடைசிப் பெண் எமிலி கிரியர்சன். வடக்கிலிருந்து வந்த மேஸ்திரி ஹோமர் பேரனோடு பழகுகிறாள். பின்னர் அவன் காணாமல் போகிறான். அவள் இறந்தபின், பூட்டிக் கிடந்த மாடி அறைக் கட்டிலில் அவனது எலும்புக்கூடும், பக்கத்துத் தலையணையில் அவளுடைய நரைத்த முடி ஒன்றும் கிடைக்கின்றன. முதல் வாசிப்பில் இந்த முடி தரும் அதிர்ச்சியே கதை. மறுமுறை வாசித்தால் அதிர்ச்சிக்கு வேறு காரணங்கள் தென்படும்.

எமிலி மருந்துக்கடையில் ஆர்சனிக் கேட்கிறாள். எதற்கென்று சொல்ல வேண்டும் என்பது சட்டம் என்கிறார் கடைக்காரர். அவள் கண்கொட்டாமல் பார்க்கிறாள். அவர் உள்ளே போய்விடுகிறார், திரும்பி வரவே இல்லை. வேலைக்காரச் சிறுவன் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான், எலிக்கு என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. மறுநாள் ஊர் பேசிக்கொள்கிறது: அவள் தற்கொலை செய்துகொள்வாள், அதுவே நல்லது. யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. பிறகு வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது. ஒரு பெண்மணியின் முகத்துக்கு நேரே உங்கள் வீடு நாறுகிறது என்று சொல்வதா என்று கேட்கிறார் எண்பது வயது நீதிபதி ஸ்டீவன்ஸ். அதனால் நான்கு ஆண்கள் நள்ளிரவில் திருடர்களைப்போலப் புல்வெளியைக் கடந்து சுவரோரமும் நிலவறையிலும் சுண்ணாம்பு தூவிவிட்டு வருகிறார்கள். ஓரிரு வாரத்தில் நாற்றம் அடங்குகிறது. கடைசியில், நாற்பது ஆண்டுகளாக யாரும் பார்த்திராத அறை ஒன்று மாடியில் இருப்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று 'நாங்கள்' போகிறபோக்கில் சொல்கிறது. கதவை உடைப்பதற்கு முன்பே தெரியும். ஜெஃபர்சன் மரியாதையால் ஒரு கொலையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

இந்த 'நாங்கள்' யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறது? எமிலியின் வரியைத் தள்ளுபடி செய்த மேயர் கர்னல் சார்டோரிஸ், கறுப்பினப் பெண்கள் ஏப்ரன் அணியாமல் தெருவில் வரக் கூடாதென்று ஆணையிட்டவர் என்பதைக் கதை ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. எமிலியின் வீட்டில் சமைத்து, தோட்டம் பார்த்து, கூடையோடு கடைக்குப் போய்வரும் கறுப்பினப் பணியாளர் டோப் இந்த 'நாங்கள்' என்பதில் இல்லை. அவரிடமிருந்து விஷயம் கறக்கும் முயற்சியை ஊர் நெடுநாள் முன்பே கைவிட்டுவிட்டது. பேசிப் பழகாததால் அவர் குரலே துருப்பிடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் நடந்ததை அறிந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். எமிலி இறந்ததும் ஊர்ப் பெண்களுக்கு முன்வாசலைத் திறந்துவிட்டு, வீட்டினூடே நடந்து பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

டோப்பின் மௌனத்தையும் ஊரின் மௌனத்தையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் தவறு. ஊர் பேசியிருந்தால் அதற்குக் கொஞ்சம் சங்கடம். 1890களின் மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பணியாளர் வெள்ளைக்காரச் சீமாட்டியைக் கொலைகாரி என்று சொல்லியிருந்தால் அவர் உயிருக்கே உத்தரவாதமில்லை. பிணம் இருந்த வீட்டில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். கோதிக் கதைக்கான அச்சம் முழுவதும் அவருடையது. ஆனால் கதை அவருக்கு ஒரு வாக்கியமும் தரவில்லை. ஃபாக்னர் இதை அறிந்தே செய்தார் என்று நம்புகிறேன். அந்தப் பின்வாசலை அவர் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்.

இந்த வாசிப்போடு ருட்யார்ட் கிப்ளிங்கின் 'விலங்கின் முத்திரை' (1890) கதைக்குப் போனால், இந்திய வாசகருக்கு அங்கே ஒதுங்கி நிற்க இடமே இல்லை. புத்தாண்டு இரவில் குடித்த ஃப்ளீட் என்ற ஆங்கிலேயன் கோயிலுக்குள் புகுந்து அனுமன் சிலையின் நெற்றியில் சுருட்டை அழுத்துகிறான். முகம் சிதைந்த தொழுநோயாளி ஒருவர் ஓடிவந்து அவன் மார்பில் தலையை வைக்கிறார். ஃப்ளீட் பச்சை இறைச்சி தின்னத் தொடங்கி, மெல்ல ஓநாயின் தன்மைக்கு மாறுகிறான். வெறிநாய்க்கடி என்கிறார் மருத்துவர். போலீஸ்காரர் ஸ்ட்ரிக்லண்டும் கதைசொல்லியும் அந்த நோயாளியைப் பிடித்துக் கட்டி, துப்பாக்கிக் குழலைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதற்குமேல் நடந்தது அச்சிடத் தக்கதல்ல என்று கதைசொல்லி நிறுத்திக்கொள்கிறான். விடியும்போது சாபம் நீங்குகிறது, ஃப்ளீட்டுக்கு எதுவும் நினைவில்லை.

இந்தக் கதையைப் பேரரசின் திமிர் என்று ஒதுக்குவது எளிது, ஒதுக்குபவர்களின் கோபமும் நியாயமானது. பெயரில்லாத, மொழியில்லாத, விலங்கொலி மட்டும் எழுப்பும் இந்தியராகவே அந்த நோயாளி வருகிறார். ஆனாலும் கதைசொல்லி தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர்கள் என்ற நிலைக்கே தாங்கள் இழுக்குத் தேடிக்கொண்டதாக அவனே சொல்கிறான், அதை உணர்ந்ததும் அவனும் ஸ்ட்ரிக்லண்டும் அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள். மேடலினின் பெட்டியை மூடிய நண்பனுக்கு வராத உணர்வு இவனுக்கு வருகிறது. ஆனால் அவன் வெட்கம் எதற்காக? தன் இனத்தின் மானம் போனதற்காக. கட்டப்பட்டுக் கிடந்த மனிதரின் வலிக்காக ஒரு சொல்லும் இல்லை. அச்சிடத் தக்கதல்ல என்று அவன் விட்ட இடத்தில் இருப்பது அவர் உடல்.

டோப்பையும் இந்தப் பெயரற்ற மனிதரையும் சேர்த்து வைத்துத்தான் என் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவரும் எல்லாவற்றையும் அறிந்தவர்கள். இருவருடைய குரலும் மனிதக் குரல்தானா என்று ஐயப்படும்படி எழுதப்பட்டிருக்கிறது. கேஸ்கெலின் கதையில் குற்றம் இழைத்தவளே தன் உருவத்தை நேரில் பார்க்க நேர்ந்தது. ஃபாக்னரிலும் கிப்ளிங்கிலும் அப்படிப் பார்க்க வேண்டியவர்கள்தான் கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன வரிகளை எங்கே தேடுவது என்பதுதான் இப்போது என் முன் உள்ள வேலை. முதலில் அந்தச் சுண்ணாம்பு தூவிய இரவிலிருந்து தொடங்கியிருக்கிறேன்: நான்கு பேர் நிலவறைக் கதவை உடைத்து உள்ளே இறங்கியபோது, வீட்டுக்குள் டோப்பும் இருந்திருப்பார்.